லோபு துவா: சோழர் ஊரா, கற்பூர ஊரா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2019

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கத்தில் லோபு துவா என்று ஒரு கிராமம் இருக்கிறதாம். அங்கே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததாகப் படித்தேன். ராஜேந்திர சோழன் பிடித்து ஆண்ட ஊர் என்றும் சொல்கிறார்கள். விடுமுறைக்கு அதே தீவிலுள்ள மேடான் நகருக்கு வருகிறேன். அங்கே போனால் சோழர் கோயில், கோட்டை ஏதாவது பார்க்க முடியுமா? யாராவது போயிருக்கிறீர்களா?

3 மார்ச் 2019

போயிருக்கிறேன். மேடானில் வேலை பார்க்கிறேன், பாருஸ் இருக்கிற தபானுலி பக்கம் போகிற வேலை அவ்வப்போது வரும்.

கோயில் இல்லை. கோட்டை இல்லை. அந்தக் கல்லே ஊரில் இல்லை. 1873-இல் பாருஸில் இருந்த ஒரு டச்சு அதிகாரி கண்டெடுத்தது, இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரில் கல் இருந்த இடத்தைக் காட்டுவார்கள். சுற்றிலும் ரப்பர் மரங்கள், தென்னை, கொஞ்சம் வயல், தகரக் கூரை வீடுகள், வாசலில் வெயிலில் காயும் பாக்கு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

இருந்தாலும் போய்ப் பாருங்கள். சோழரைத் தேடிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஊருக்கென்று சொந்தக் கதை பெரிதாக இருக்கிறது, நம்முடைய ஆட்கள் அதில் வந்துபோகிற ஒரு பகுதி.

3 மார்ச் 2019, இரவு

இடம் கேட்டவருக்கு: வட சுமத்ரா மாகாணம், மத்திய தபானுலி மாவட்டம், ஆண்டாம் தேவி வட்டாரம். பாருஸ் டவுனிலிருந்து பக்கம்தான். முன்னால் இந்தியப் பெருங்கடல், பின்னால் புக்கிட் பாரிசான் மலைத்தொடர். சிங்கப்பூர், மலாக்கா எல்லாம் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். வரைபடத்தில் தேடும்போது பலரும் கிழக்குக் கரையில் தேடுகிறார்கள்.

5 மார்ச் 2019

சோழர் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

கல்வெட்டு சக ஆண்டு 1010, மாசி மாதம் என்று தொடங்குகிறது. நம் கணக்கில் 1088. தமிழ்நாட்டில் அந்தக் காலத்துக் கல்வெட்டு எதையாவது எடுத்துப் பாருங்கள். முதலில் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளைப் பாடும் முன்னுரை, வரும், அரசன் பெயர் வரும், அவனுக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று வரும். அப்போது தஞ்சைப் பக்கம் குலோத்துங்கன் ஆட்சி. லோபு துவா கல்லில் அவன் பெயர் இல்லை, எந்த அரசன் பெயரும் இல்லை. ஆட்சி ஆண்டுக்குப் பதில் சக ஆண்டு போட்டிருக்கிறார்கள். அந்த ஊரைச் சோழன் ஆண்டிருந்தால், அதை முதல் வரியில் சொல்லாமல் விட்டிருப்பார்களா?

கல்லை நட்டவர்கள் திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர். வணிகர் குழு. கர்நாடகத்து ஐஹொளெயில் தொடங்கித் தென்னிந்தியா முழுக்கவும் இலங்கையிலும் இவர்கள் கல்வெட்டுகள் உண்டு. தங்களுக்குள் கூடித் தீர்மானம் போடுவார்கள், காவல் வீரர்களை வைத்துக்கொள்வார்கள், அரசன் மாறினாலும் வியாபாரம் மாறாது. அவர்கள் 'வாரோசு' என்ற பட்டினத்து வேளாபுரத்தில், அதாவது துறைமுகப் பகுதியில், கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். அதைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வாரோசு என்பது பாருஸ். பட்டினத்துக்குத் தங்கள் பெயரும் ஒன்று வைத்திருக்கிறார்கள்: மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்.

என்ன முடிவு? மரக்கலத்தில் வந்து இறங்குகிற மரக்கல நாயனும், அதாவது கப்பல் தலைவனும், கூட வருகிற கேவிகள் என்ற ஆட்களும் கஸ்தூரி விலையை ஒட்டி, பொன்னாக, 'அஞ்சு துண்டாயம்' என்ற கட்டணம் கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் பாவாடை ஏறலாம். இந்தப் பாவாடை, வருகிறவர் நடக்கத் தரையில் விரிக்கிற துணி. கடைசியில், அறத்தை மறக்காதே, அதைவிட நல்ல துணை இல்லை என்கிற பொருளில் முடிகிறது.

எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த இடம் அந்தத் துணிதான். பல வாரம் கடலில் வந்த ஆள் கரையில் நிற்கிறான், பொன்னை நிறுத்துக் கொடுக்கிறான், பிறகு விரித்த துணியில் கால் வைத்து ஊருக்குள் வருகிறான். துறைமுகச் சுங்கம், அதோடு ஒரு மரியாதை. படையெடுப்பு வாசனையே இதில் கிடையாது.

6 மார்ச் 2019

"1025-இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தை அடித்தது பொய்யா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். பொய் என்று யார் சொன்னது? அந்தப் படையெடுப்பு உண்மை. மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குகிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், கடாரம். சுமத்ராவின் வடக்கே ஆச்சே முனையில் இருந்த இலாமுரி வரைக்கும் பட்டியல் போகிறது. வாரோசு என்ற பெயர் அதில் இல்லை. பெயர் தெரியாத ஊரா என்றால் அதுவும் இல்லை, கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். பிடித்திருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள்.

சோழர் கடலில் பலமாக இருந்தது வணிகர்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வணிகர் கல்லை அரசன் கல்லாக்கக் கூடாது. அரசன் துணையில்லாமல் நம் ஊர் வியாபாரிகள் கடல் தாண்டிப் போய், வேற்று நிலத்தில் சபை கூட்டி, தங்கள் மொழியில் சட்டம் எழுதி நட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

9 மார்ச் 2019

தோண்டினார்களா என்று கேட்டவருக்கு: தோண்டினார்கள். 1990-களின் பிற்பாதியில் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இந்தோனேசியத் தொல்லியல் துறையும் சேர்ந்து, குளோத் கியோ தலைமையில். கல்வெட்டை முதலில் 1892-இல் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் கவனப்படுத்தினார், 1932-இல் நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார், அகழாய்வுக்குப் பிறகு கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலு மறுபடி படித்தார். மேலே நான் சொன்ன பொருள் அவர் வாசிப்பை ஒட்டியது.

அகழாய்வில் தெரிந்தது இது. ஊர் 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியிருக்கிறது. சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, அரபு-பாரசீகப் பக்கத்து மெருகிட்ட பாண்டம், தென்னிந்திய, இலங்கைப் பானை ஓடுகள் எல்லாம் ஒரே மண்ணில் கலந்து கிடைத்திருக்கின்றன. நம் ஆட்கள் கல் நடுவதற்கு 200 வருடம் முன்பே ஊர் இருந்திருக்கிறது. பல தேசத்து ஆட்களும் அங்கே புழங்கியிருக்கிறார்கள்.

10 மார்ச் 2019

விட்டுப்போன ஒன்று. கல் நட்டுக் கொஞ்ச காலத்திலேயே, 12-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குள், ஊர் காலியாகிவிட்டது. பிறகு குடியிருப்பு பாருஸ் பக்கம் புக்கிட் ஹாசாங்குக்கு நகர்ந்து பல நூற்றாண்டு நீடித்தது. ஏன் காலியானது? ஊர்க் கதையில் கெர்காசி என்ற ராட்சதர்கள் கடல்வழி வந்து அழித்தார்கள் என்று வருகிறது. கடற்கொள்ளையா, போரா, ஆழிப்பேரலையா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு நிலநடுக்கம் புதிதில்லை, அதனால் ராட்சதர் என்றதும் அலையைத்தான் நினைக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

17 மார்ச் 2019

கற்பூரம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஊரே இதனால் வந்த ஊர்.

நாம் இன்று கோயிலில் ஏற்றுகிற சூடம் பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்கிறது. அதற்கு முன்னால் சீனா, ஜப்பான் பக்கத்து மரத்தைக் காய்ச்சி எடுத்தது. பாருஸ் கற்பூரம் வேறு. டிரையோபலானாப்ஸ் என்ற வகை, 50 மீட்டரைத் தாண்டி நெட்டையாக வளரும் காட்டு மரம். அதன் தண்டுக்குள்ளே விரிசல்களில் கற்பூரம் தானாகவே படிகமாகத் திரண்டிருக்கும். நம் ஊரில் பச்சைக் கற்பூரம் என்று பொங்கலிலும் பெருமாள் தீர்த்தத்திலும் போட்டார்களே, அந்தப் பழைய உயர்ந்த ரகம் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், எல்லா மரத்திலும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், சீவி மோந்து பார்ப்பார்கள், கடைசியில் வெட்டிச் சாய்த்துப் பிளந்தால்தான் தெரியும். பல மரம் வெறுமரமாகப் போகும். கிடைத்தால் நார்களுக்கிடையில் வெள்ளைச் செதில்கள், அதை நுனிக்கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். காட்டுக்குள் போகிறவர்களுக்குச் சாப்பாட்டிலும் பேச்சிலும் விலக்குகள் உண்டு, அதை மீறினால் மரம் மறைத்துக்கொள்ளும் என்பார்கள். மார்க்கோ போலோ, ஃபன்சூர் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றது என்று எழுதியிருக்கிறார். அராபியர் ஃபன்சூர் என்று சொன்னது இந்தக் கரையைத்தான்.

இதைச் செய்தவர்கள் மலையில் இருந்த பத்தக் மக்கள். தமிழரோ அராபியரோ சீனரோ காட்டுக்குள் போகவில்லை, கரையில் நின்று எடை போட்டார்கள். லோபு துவாவைப் பற்றித் தமிழில் எழுதுகிற பலரும் இந்த மலைக்காரர்களை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. எனக்கு அது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. மரம் கண்டுபிடித்தவன் இல்லாமல் ஐஞ்ஞூற்றுவர் எதற்கு அங்கே கல் நட்டிருக்கப் போகிறார்கள்?

மரம் இப்போது அரிது. ஒரு பெரியவர் தன் நிலத்து ஓரத்தில் இருக்கிற ஒன்றைக் காட்டினார். இலையைக் கசக்கி மூக்கருகில் நீட்டினார். சூடத்தின் காரம் இல்லை, மண்ணும் மிளகும் கலந்தாற்போல ஒரு மணம், விரலில் சாயங்காலம் வரை இருந்தது. மேடான் கடையில் 'கபூர் பாருஸ்' என்று கேட்டால் அலமாரியில் போடுகிற பாச்சை உருண்டையைத் தருவார்கள். அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

18 மார்ச் 2019

நம் பக்கத்துச் சாட்சி ஒன்று: சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கும் இடத்தில் வாரோசு என்று ஒரு வகை வருகிறது. உரையாசிரியருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சரக்கு இங்கே புழங்கியிருக்கிறது.

24 மார்ச் 2019

இந்த வாரம் பாக்காட் வழியாகப் போகிற வேலை வந்தது, சாம்பிராணி மரம் இருக்கிற இடத்தில் ஒருநாள் நின்றேன்.

கற்பூரம் போனாலும் சாம்பிராணி போகவில்லை. பாருஸுக்கு மேலே ஹும்பாங் பக்கத்து மலையில் இன்றும் அதுவே பல குடும்பத்துக்குச் சோறு. பத்தக்கில் ஹமின்ஜோன் என்பார்கள். வாரத் தொடக்கத்தில் ஆண்கள் காட்டுக்குப் போய்க் குடிசையில் தங்கி, வார இறுதியில் ஊர் திரும்புகிறார்கள். மரத்தில் ஏறக் கயிறு, பட்டையைச் சுரண்ட ஒரு கருவி, கீறித் தட்ட ஒன்று, எடுக்க ஒன்று. முதலில் பாசியையும் சொறிப்பட்டையையும் சுரண்டி வழவழப்பாக்குகிறார்கள். பிறகு சின்னதாகக் கீறி, கருவியின் பிடியால் கீறலைச் சுற்றி டொக் டொக் என்று தட்டி மூடிவிடுகிறார்கள். பால் உள்ளேயே ஊறித் திரளச் சில மாதம் ஆகும். பிறகு வந்து பட்டையோடு பெயர்த்து எடுப்பார்கள். நல்ல ரகம் பால்வெள்ளைக் கட்டியாக இருக்கும், கடைசிச் சுரண்டல் பழுப்புத் தூள்.

மரம் முன்பு ஒரு பெண்ணாக இருந்தவள், அவள் கண்ணீர்தான் பால் என்று கதை. அதனால் மரத்தடியில் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. பச்சரிசி மாவு, தேங்காய், சர்க்கரை சேர்த்துக் கையால் பிடித்த 'ஈத்தாக் குர்குர்' கொண்டுபோய் மரத்துக்குப் படைத்துவிட்டு வேலை தொடங்குவார்கள்.

வீட்டில் வெள்ளிக்கிழமை போட்ட புகை இந்த மாதிரி மலைகளிலிருந்தும் வந்திருக்கிறது என்று நினைத்தபோது, கல்வெட்டைப் பார்த்ததைவிட நெருக்கமாக இருந்தது. இப்போது நம் கடைகளில் விற்கிற கம்ப்யூட்டர் சாம்பிராணியில் இந்தப் பால் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

7 ஏப்ரல் 2019

செம்பிரிங் குலம் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். காரோ பத்தக் மக்களில் செம்பிரிங் என்ற பெருங்குலம், அதன் கிளைகளில் சோலியா, பண்டியா, பிரம்மணா, மெலியாலா, பெலாவி, தெபாரி என்ற பெயர்கள். சோழ, பாண்டிய, மலையாள, பல்லவ என்று நமக்குக் காதில் விழும். இறந்தவர் சாம்பலைச் சின்னப் படகில் வைத்து ஆற்றில் விடும் 'பெகுவாலு' சடங்கும் இவர்களிடம் இருந்தது, செபெராயா ஊரில் லாவ் பியாங் ஆற்றில். தென்னிந்தியத் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

ஆனால் "லோபு துவா தமிழர்கள் ஓடிப்போய்க் காரோ ஆனார்கள்" என்று ஒரே கோடு போடுவதில் எனக்குத் தயக்கம். காரோ மலை மேடானுக்கு மேலே இருக்கிறது. மேடானுக்குப் பக்கத்திலேயே கோத்தா சீனா என்ற பழைய துறைமுகத்தில் விஷ்ணு, புத்தர் சிலைகள் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்தும் ஏறியிருக்கலாம். என்னுடன் வேலை செய்கிற ஒரு பண்டியாவிடம் கேட்டேன். "உங்கள் பக்கத்துப் பெயர் என்று சொல்கிறார்கள், இருக்கலாம், நான் காரோ" என்றார். அவர் சொன்ன வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. நாமும் அந்த வரிசையிலேயே விட்டுவிடலாம்.

21 ஏப்ரல் 2019

லோபு துவாவில் ஆட்கள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

கடற்கரை ஓரம் பசிசிர் முஸ்லிம்கள், உள்ளே போகப் போக பத்தக் கிறிஸ்தவர்கள், இரண்டும் கலந்த குடும்பங்களும் உண்டு. எந்த பத்தக் பெரியவரைப் பார்த்தாலும் முதல் கேள்வி உங்கள் மார்கா, அதாவது குலப்பெயர், என்ன என்பதுதான். அது தெரிந்தால் உங்களை மாமனா மச்சானா என்று வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவார்கள். எனக்குக் குலப்பெயர் இல்லை, அப்பா பெயர்தான் என்றேன். அந்த அமாங் (பெரியவரை அங்கே இப்படி அழைப்பார்கள்) நம்பவே இல்லை. "அப்படியென்றால் உன் தாத்தாவின் தாத்தாவை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பதினாலு தலைமுறையை விரல்விட்டுச் சொன்னார், நடுவில் ஒரு பெயரில் நின்று மனைவியிடம் கேட்டுச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

மழைக்குப் பிறகு தோட்டங்களில் மணியும் பொன் துணுக்கும் கிடைக்கும் என்று ஆட்கள் சல்லடையோடு திரிவது அங்கே பழைய பழக்கம். ஒரு பையன் தீப்பெட்டியில் வைத்திருந்தான். மங்கின நீலம், செங்கல் சிவப்பு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணிகள், துளை பாதி மண்ணடைத்து. வாங்கச் சொன்னான், வாங்கவில்லை. நீங்களும் வாங்காதீர்கள், தயவுசெய்து. நாம் ஒருவர் வாங்கினால் அடுத்த மழைக்கு நாலு குழி கூடும், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்ற தகவல் அதோடு போய்விடும்.

12 மே 2019

நாம் மட்டும் அந்த ஊரைச் சொந்தம் கொண்டாடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். 2017 மார்ச் 24 அன்று அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ பாருஸ் கடற்கரையில் 'நுசாந்தாரா (இந்தோனேசியத் தீவுக்கூட்டம்) இஸ்லாமிய நாகரிகத்தின் பூஜ்யப் புள்ளி', அதாவது தொடங்கிய இடம், என்று ஒரு நினைவுச்சின்னம் திறந்துவைத்தார். இஸ்லாம் முதலில் நுழைந்தது பாருஸில்தான் என்பது அதன் வாதம், ஆச்சேக்காரர்கள் ஏற்கவில்லை. பாபான் திங்கி குன்றின் மேல் ஷேக் மஹ்மூத் சமாதி, மஹ்லிகாய் கல்லறைகள், ஃபன்சூரி என்று இந்த ஊரையே பெயரில் சுமந்த சூஃபிக் கவிஞர் ஹம்சா என்று அவர்களுக்கும் நிறையச் சாட்சி உண்டு.

போன மாதம் வரை எனக்கு இந்த 'முதல்' போட்டி எரிச்சலாக இருந்தது. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்தச் சின்னம் வந்த பிறகு பாருஸைத் தேடி ஆள் வருகிறது, சாப்பாட்டுக் கடை கூடியிருக்கிறது. லோபு துவாவிலும் கல்வெட்டின் நல்ல நகல் ஒன்றை, தமிழ் எழுத்தும் இந்தோனேசிய விளக்கமுமாக, வைத்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் தோட்டத்தில் என்ன இருந்தது என்று தெரியும். மேடான் தமிழர்கள் முயன்றால் நடக்கும். பலகையில் கற்பூரம் எடுத்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

16 ஜூன் 2019

முதலில் கேட்ட நண்பர் ஜூலையில் வருகிறாராம். வழி: விமானம் என்றால் மேடானின் குவாலாநாமு விமான நிலையத்திலிருந்து சிபோல்கா பக்கத்து பினாங்சோரிக்கு, அங்கிருந்து காரில் கடலோரமாக வடக்கே பாருஸ். தரைவழி என்றால் தோபா ஏரி தாண்டி தோலோக் சாங்குல், பாக்காட், பிறகு இறக்கம். பாக்காட் வழி அழகு, ஆனால் கன மழையில் மண் சரியும், ராத்திரியில் வேண்டாம்.

பாபான் திங்கிக்குச் சுமார் 700 படி. காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் கையோடு. மதியம் பாருஸில் 'பாங்காங் பாச்சாக்' கேளுங்கள், சுட்ட மீனில் தேங்காய்ப்பால் மசாலா ஊற்றித் தருவார்கள். லோபு துவாவுக்கு மறுநாள் விடியற்காலை போங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் அந்நேரம்தான் தோட்டத்தில் இருப்பார்கள், வெயில் ஏறினால் ஆள் கிடைக்காது. வேலிக்குள் நுழையுமுன் கேட்டுவிட்டு நுழையுங்கள். மொழி தெரியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், எனக்கு லீவு கிடைத்தால் நானே கூட வருகிறேன்.